நான்கில் ஒரு செங்கல்

நாமக்கல்லிலிருந்து எந்தச் சாலையில் புறப்பட்டாலும் சிறிது நேரத்தில் ஒரு கோழிப்பண்ணை கண்ணில் படும். பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் அந்தக் கொட்டகைகளைச் சற்றுக் கூர்ந்து கவனியுங்கள். நீண்ட கொட்டகைகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காகவே அமைந்திருக்கும். நீளப் பக்கங்களில் சுவருக்குப் பதில் கம்பி வலை இருக்கும். கூரையின் விளிம்பு இருபுறமும் நன்றாக வெளியே நீண்டு தாழ்ந்திருக்கும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. நாமக்கல், சேலம் ஊர்கள் வட அட்சரேகை 11 பாகையை ஒட்டி அமைந்தவை. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் நண்பகலில் சூரியன் ஏறக்குறைய நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. ஆகவே கோடையில் கட்டடத்தின் கூரைதான் மிகுதியான வெயிலை வாங்குகிறது. அடுத்தபடியாகக் காலையில் கிழக்குச் சுவரும் மாலையில் மேற்குச் சுவரும் காய்கின்றன. வடக்குச் சுவர், தெற்குச் சுவர் ஆகியவற்றின்மேல் விழும் வெயில் குறைவு. எனவே கட்டடத்தின் குறுகிய பக்கங்களைக் கிழக்குக்கும் மேற்குக்கும் காட்டிவிட்டு, நீண்ட பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிடுவது அறிவுடைமை. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வெப்பம் மிகுந்தால் அது வாயைத் திறந்து இளைக்கும். தீனி எடுப்பது குறையும். முட்டையின் ஓடு மெலிந்துபோகும். பண்ணைக்காரருக்கு அது நேரடி நட்டம். ஆதலால் அவர் சூரியனை மறப்பதில்லை.

அதே பண்ணைக்காரரின் வீட்டைப் பாருங்கள். தட்டையான கான்கிரீட் கூரை, மேற்கே பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல், அதன் மேல் பெயருக்கு ஒரு சாணளவு வெயில் மறைப்பு. இரவு ஒன்பது மணிக்கு மின்விசிறியைச் சுழலவிட்டால் சூடான காற்றுத்தான் இறங்குகிறது. கோழிக்குச் செய்துகொடுத்ததை நாம் நமக்குச் செய்துகொள்ளவில்லை!

இந்த வீட்டை யாருக்காக, எந்த ஊரில், எந்தப் பொருளால் கட்டுகிறோம்? இந்த மூன்று கேள்விகளையும் தம் வாழ்நாள் முழுவதும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றித்தான் இக்கட்டுரை. அவர் பெயர் லாரி பேக்கர். இங்கிலாந்திலிருந்து வந்து இந்தியாவில் குடியேறி, இந்தியக் குடிமகனாகவே மறைந்த கட்டடக் கலைஞர் அவர்.

கப்பலுக்குக் காத்திருந்த மூன்று மாதம்

லாரன்ஸ் வில்ஃப்ரட் பேக்கர் 1917ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் பிறந்தார். அங்கேயே கட்டடக் கலைப் பள்ளியில் படித்து 1937இல் தேறினார். இளமையிலேயே குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவில் சேர்ந்திருந்தார். ஆயுதம் ஏந்தக் கூடாது என்பது குவேக்கர்களின் கொள்கை. இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, துப்பாக்கி எடுக்க மறுத்த இளைஞர்கள் பலர் காயமுற்றோருக்கு உதவும் படையில் சேர்ந்தனர். பேக்கரும் அதில் சேர்ந்து, மயக்க மருந்து கொடுக்கும் பயிற்சி பெற்றுச் சீனாவுக்குச் சென்றார். அங்கே தொழுநோயாளரிடையேயும் பணி புரிந்தார்.

உடல்நலம் குன்றியதால் தாயகம் திரும்ப வேண்டியதாயிற்று. வழியில் பம்பாயில் கப்பல் கிடைக்கச் சுமார் மூன்று மாதம் ஆயிற்று. குவேக்கர் நண்பர் ஒருவரின் வீட்டில் தங்கியிருந்தபோது காந்தியடிகளைச் சந்திக்கும் வாய்ப்பு அவருக்கு நேர்ந்தது. பேக்கரின் காலில் இருந்தவை சீனத்தில் துணியால் கையாலேயே தைத்த செருப்புகள். காந்தியடிகளின் கவனத்தை அவைதான் முதலில் ஈர்த்தனவாம். பேச்சு அதிலிருந்து வீடு கட்டுவதற்குத் திரும்பியது. ஒரு நல்ல கிராமத்து வீடு, அது நிற்கும் இடத்திலிருந்து ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைக்கும் பொருள்களாலேயே கட்டப்பட வேண்டும் என்பது காந்தியடிகளின் கருத்து. பேக்கர் இதை முதுமையிலும் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார்.

ஐந்து மைல் என்றால் எட்டுக் கிலோமீட்டர். ராசிபுரத்தை மையமாக வைத்து அப்படியொரு வட்டம் போட்டுப் பாருங்கள். ஏரி வண்டல், செம்மண், கருங்கல், சுக்கான் கல், பனை மரம் ஆகியவை உள்ளே வரும். நம் தாத்தாக்களின் வீட்டில் பனங்கைமேல் நாட்டு ஓடு வேய்ந்திருந்ததன் கணக்கு இதுதான். (சங்ககிரிக்காரர்களுக்குச் சிமெண்டே ஐந்து மைலுக்குள் வந்துவிடும் என்று என் மாணவன் ஒருவன் வாதாடினான். ஆலை அங்கே இருப்பதால் அவன் சொன்னதிலும் பிழையில்லை!)

படித்ததை மறந்த இடம்

இங்கிலாந்து சென்ற பேக்கர் 1945இல் மீண்டும் இந்தியா வந்தார். தொழுநோய்க்குப் பயனுள்ள புதிய மருந்துகள் அப்போது வரத் தொடங்கியிருந்தன. நோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த பழைய விடுதிகளைச் சிகிச்சைக்குரிய மருத்துவமனைகளாக மாற்ற வேண்டியிருந்தது. அந்தக் கட்டட வேலைக்குத்தான் ஒரு தொண்டு நிறுவனம் அவரை அழைத்தது. ஃபைசாபாத் நகரில் சாண்டி என்னும் கேரள மருத்துவரின் வீட்டில் தங்கினார். அம்மருத்துவரின் தங்கையான எலிசபெத்தும் ஒரு மருத்துவர். 1948இல் பேக்கருக்கும் எலிசபெத்துக்கும் திருமணம் நடந்தது.

மணமக்கள் இமயமலைப் பகுதியிலுள்ள பித்தோராகட் என்னும் ஊருக்குச் சென்றனர். வந்தவர்களில் ஒருவர் மருத்துவர் என்பது தெரிந்ததும் மலைமக்கள் நோயாளிகளுடன் வரத் தொடங்கிவிட்டார்கள். சில நாள் தங்கச் சென்ற இருவரும் அங்கே சுமார் பதினைந்து ஆண்டுகள் தங்கினர். மனைவி வைத்தியம் பார்த்தார். கணவர் அதற்கு வேண்டிய கட்டடத்தைக் கட்டினார், மயக்க மருந்தும் கொடுத்தார்.

பேக்கர் கட்டடக் கலைஞராக உருவானது பர்மிங்ஹாமில் அன்று, இங்கேதான் என்பது என் கருத்து. இங்கிலாந்திலிருந்து அவர் கொண்டுவந்த பாடநூல்கள் மண் சுவரைப் பற்றியோ கரையானைப் பற்றியோ, இடைவிடாத பருவமழையைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை. அந்த மலைவாசிகளோ எழுத்தறியாவிட்டாலும், எந்தக் கல்லை எப்படி வைத்தால் குளிர்காற்று உள்ளே வராது, எந்த மரம் பனியைத் தாங்கும் என்பவற்றைத் தலைமுறை தலைமுறையாகச் சோதித்து அறிந்திருந்தார்கள். தாம் படித்ததைவிட அவர்கள் அறிந்தது மிகுதி என்பதைப் பேக்கர் ஒப்புக்கொண்டு, அவர்களிடம் மாணவராக அமர்ந்தார். பட்டம் பெற்றவர்களுக்கு இது எளிய காரியம் அன்று. எனக்கும் எளிதாக வரவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

1963இல் இருவரும் எலிசபெத்தின் தாயகமான கேரளத்துக்கு வந்தனர். முதலில் வாகமண் மலைப்பகுதியிலும், சில ஆண்டுகளுக்குப் பின் திருவனந்தபுரத்திலும் குடியேறினர். பேக்கருக்கு அப்போது ஐம்பது வயது கடந்திருந்தது. இன்று நாம் பேசும் பேக்கர் கட்டடங்களில் பெரும்பாலானவை அதற்குப் பின் கட்டியவை.

எலிப்பொறிச் சுவர்

பேக்கரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு முறை உண்டு. எலிப்பொறிக் கட்டு என்று அதற்குப் பெயர். அதை அவர் கண்டுபிடிக்கவில்லை. இங்கிலாந்தில் முன்பே இருந்த முறைதான். நம் நாட்டில் அதைப் பரப்பியவர் அவரே எனலாம்.

இதைப் புரிந்துகொள்ளப் படத்தைவிடக் கல்லே நல்லது. வீடு கட்டும் இடம் ஏதேனும் அருகில் இருந்தால் கேட்டு அனுமதி பெற்று ஆறு செங்கற்களை எடுத்துக்கொள்ளுங்கள். சாந்தின் பருமனையும் சேர்த்து ஒரு செங்கல்லின் அளவு 9 அங்குலம் நீளம், 4½ அங்குலம் அகலம், 3 அங்குலம் உயரம் என்று கொள்வோம். வழக்கமாக நாம் செங்கல்லைப் படுக்க வைத்துக் கட்டுகிறோம். இம்முறையில் ஒருக்களித்து வைக்க வேண்டும். அதாவது 3 அங்குலப் பக்கம் தரையில் இருக்கும். கல்லின் உயரம் 4½ அங்குலமாகிவிடும்.

சுவரின் வெளிமுகத்தில் ஒரு கல்லையும் உள்முகத்தில் ஒரு கல்லையும் நீளவாட்டில் இப்படி ஒருக்களித்து வையுங்கள். நடுவில் 3 அங்குலம் இடைவெளி விடுங்கள். 3 + 3 + 3 = 9 அங்குலம்; இதுவே சுவரின் பருமன். அடுத்து ஒரு கல்லைச் சுவருக்குக் குறுக்காக ஒருக்களித்து வையுங்கள். அது இரு முகங்களையும் இணைக்கும் பாலம். மறுபடி நீளவாட்டில் இரண்டு, குறுக்கே ஒன்று. நடுவில் மூடிய பெட்டி போன்ற வெற்றிடம் உண்டாகும். அடுத்த வரியில் குறுக்குக் கல், கீழ்வரியின் வெற்றிடத்துக்கு நேர் நடுவில் வருமாறு கட்டிக்கொண்டு போக வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம். நீளவாட்டில் இரண்டும் குறுக்கே ஒன்றுமாக மூன்று கற்கள் அடைக்கும் இடம் 12 அங்குலம் நீளம், 9 அங்குலம் பருமன், 4½ அங்குலம் உயரம். கன அளவு 486 கன அங்குலம். ஒரு செங்கல்லின் கன அளவு 9 × 4½ × 3 = 121½ கன அங்குலம். 486ஐ 121½ஆல் வகுத்தால் ஈவு மிகச் சரியாக 4. கெட்டிச் சுவரில் நான்கு கற்கள் பிடிக்கும் இடத்தை இங்கே மூன்றே நிரப்புகின்றன. நடுவிலுள்ள வெற்றிடத்தையும் அளந்து பாருங்கள். அதுவும் 9 × 3 × 4½ தான். காற்றினால் ஆன ஒரு செங்கல் அங்கே இருக்கிறது!

10 அடி நீளமும் 9 அடி உயரமும் உள்ள 9 அங்குலச் சுவருக்குக் கெட்டிக் கட்டில் 960 கற்கள் வேண்டும். எலிப்பொறிக் கட்டில் 720 போதும். ஒரு சுவரில் 240 கற்கள் மிச்சம். அந்தக் கற்களுக்கு வேண்டிய மண்ணும் மிச்சம். சூளையில் அவற்றைச் சுடும் விறகும் நிலக்கரியும் மிச்சம். பேக்கர் மிச்சம் பிடித்தது பெரும்பாலும் ஏழை வீடு கட்டுவோருக்காக. ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டில் 240 செங்கல் என்பது கதவா, கதவில்லாத வாசலா என்பதைத் தீர்மானிக்கும் தொகை.

வெப்பத்தைப் பொறுத்தவரை இச்சுவர் எப்படி? செங்கல்லின் வெப்பங்கடத்துத்திறன் சுமார் 0.7 அலகு. அசையாத காற்றினுடையது சுமார் 0.026 அலகு. ஆகவே நடுவிலுள்ள காற்று, அதே பருமனுள்ள செங்கல்லைவிட 27 மடங்கு நன்றாக வெப்பத்தைத் தடுக்கும் என்று தேர்வில் எழுதினால் நான் மதிப்பெண் தரமாட்டேன். 3 அங்குல வெற்றிடத்தில் காற்று அசையாமல் நிற்காது. சூடான பக்கத்தில் மேலேறிக் குளிர்ந்த பக்கத்தில் கீழிறங்கும்; இது வெப்பச்சலனம். அத்துடன், ஒரு முகத்திலிருந்து எதிர்முகத்துக்கு வெப்பம் கதிர்வீசலாலும் தாண்டிப் போகும். இவை இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் அந்த 3 அங்குல வெற்றிடம் ஏறக்குறைய 5 அங்குலச் செங்கல்லின் வேலையைச் செய்கிறது. குறுக்குக் கற்கள் வழியாக வெப்பம் கடந்து செல்வதால் பயன் இன்னும் சற்றுக் குறையும். அப்படியும் செலவு குறைந்த சுவர், கெட்டிச் சுவருக்குக் குறையாமல் வெயிலைத் தடுக்கிறது. அது போதாதா?

கூரையில் ஓடு எங்கே போயிற்று?

வகுப்பில் ஒரு சாக்கட்டியை எடுத்து நீளவாட்டில் அழுத்துங்கள், எளிதில் உடையாது. அதையே இரு கைகளாலும் பிடித்து வளையுங்கள், உடனே இரண்டாகிவிடும். கான்கிரீட்டும் அப்படித்தான். அமுக்கவிசையை நன்றாகத் தாங்கும். இழுவிசையைத் தாங்குவது அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான்.

ஒரு கான்கிரீட் தளம் சுவர்களின்மேல் கிடக்கும்போது நடுவில் மிக மிகச் சிறிதளவு தொய்கிறது. அப்போது தளத்தின் மேல்பகுதி அமுக்கப்படுகிறது; கீழ்ப்பகுதி இழுபடுகிறது. கீழ்ப்பகுதியில் இரும்புக் கம்பி வைப்பது இதனால்தான். இழுவிசை முழுவதையும் கம்பியே ஏற்கிறது. அங்குள்ள கான்கிரீட்டுக்குக் கம்பியைப் பற்றிக்கொண்டு, துருப்பிடிக்காமல் மூடிக்கொண்டிருப்பதுதான் வேலை. அப்படியானால் கம்பிகளுக்கு நடுவிலுள்ள கான்கிரீட் சும்மா கிடந்து பாரத்தைக் கூட்டுகிறது என்றுதானே பொருள்? 10 சென்டிமீட்டர் தளம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 240 கிலோகிராம் எடை இருக்கும்.

பேக்கர் அந்த இடங்களில் பழைய மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்து அதன்மேல் கான்கிரீட் போட்டார். சிமெண்ட் குறைந்தது; தளத்தின் எடை குறைந்தது; எடை குறைந்ததால் கம்பியும் குறைந்தது. இரண்டு ஓடுகளுக்கு இடையே சிக்கிய காற்று, மேலிருந்து இறங்கும் வெப்பத்தையும் ஓரளவு தடுத்தது. அண்ணாந்து பார்த்தால் பூச்சில்லாத கூரையில் சிவப்பு ஓடுகள் வரிசையாகத் தெரியும். மழைக்கு ஒழுகும் என்று விற்றுவிட்ட ஓடுகள் இப்படி மறுபடி கூரை ஏறின.

சிமெண்டைக் குறைப்பதில் அவருக்கு மிகுந்த அக்கறை இருந்தது. சுண்ணாம்பைச் சுடச் சுமார் 900 பாகை செல்சியஸ் போதும். சிமெண்டுக்கு ஏறத்தாழ 1450 பாகை வேண்டும். அந்த வெப்பமெல்லாம் எங்கோ எரியும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. காற்று மண்டலத்தில் கரியமில வாயு பெருகுவதைப் பற்றி இன்று பள்ளிப் புத்தகங்களே பேசுகின்றன. அப்பேச்சு பரவுவதற்கு முன்பே, எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடுவது கட்டடக் கலைஞரின் கடமை என்று அவர் நம்பினார்.

சாய்ந்த தரையில் ஒரு காப்பி

எங்கள் கல்லூரி மாணவர்களுடன் ஒருமுறை திருவனந்தபுரம் சென்றிருந்தேன். தம்பானூரில் பேருந்து நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் அருகே இந்தியன் காப்பி ஹவுஸ் இருக்கிறது. பேக்கர் வடிவமைத்தது. வெளியிலிருந்து பார்த்தால் செங்கல்லால் சுற்றிய உருளை போலிருக்கும். உள்ளே மாடிகளே இல்லை. சாய்ந்த தரை ஒன்று நடுத்தூணைச் சுற்றிச் சுற்றி மேலேறிக்கொண்டே போகிறது. வெளிச்சுவர் ஓரமாகக் கட்டப்பட்ட மேசைகளும் இருக்கைகளும் வரிசையாக மேலேறுகின்றன. தரை சாய்வு, மேசை சமதளம். தட்டில் காப்பி சிந்துகிறதா என்று என் மாணவர்கள் மிகக் கவனமாகச் சோதித்தார்கள். சிந்தவில்லை.

வட்டத்தின்மீது பேக்கருக்கு இருந்த விருப்பத்துக்குக் கணிதமும் ஒரு காரணம். 100 சதுர மீட்டர் பரப்பைச் சதுரமாக அடைத்தால் சுற்றுச்சுவர் 40 மீட்டர். வட்டமாக அடைத்தால் சுமார் 35.4 மீட்டரே. அதே இடம், ஒன்பதில் ஒரு பங்கு சுவர் குறைவு. வளைந்த சுவருக்கு வேறொரு நன்மையும் உண்டு. ஒரு தபாலட்டையை மேசைமேல் விளிம்பில் நிறுத்துங்கள்; விழுந்துவிடும். அதைச் சற்று வளைத்து நிறுத்துங்கள், நிற்கும். வளைத்துக் கட்டினால் மெல்லிய சுவரும் உறுதியாக நிற்பது இதனால்தான்.

அதே நகரில் உள்ளூர் என்னும் பகுதியில், ஒரு குன்றின்மேல் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம் இருக்கிறது. பொருளியல் அறிஞர் கே. என். ராஜ் தொடங்கிய நிறுவனம் அது. 1970களின் தொடக்கத்தில் அதன் கட்டட வேலை பேக்கரிடம் வந்தது. அங்கே உயரமான நூலகக் கோபுரம் முழுவதும் செங்கல். மரங்களை வெட்டாமல் அவற்றுக்கு வழிவிட்டு வளைந்து போகும் சுவர்களைப் பார்க்கலாம். ஜன்னலுக்குப் பதிலாகப் பல இடங்களில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலிச் சுவர்கள். மரச்சட்டம், கண்ணாடி, கம்பி என்று சேர்ந்த ஜன்னல், அதே பரப்புள்ள சுவரைவிடப் பல மடங்கு விலை. ஜாலியோ சுவரைவிடவும் மலிவு.

ஜாலியின் சிறு துளைகள் வழியே வரும் காற்று குளிர்ந்துவிடுகிறது என்று சிலர் எழுதுவதைப் பார்க்கிறேன். துளை காற்றைக் குளிர்விக்காது. ஜாலி நேர்வெயிலை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடுகிறது. ஓடும் காற்று நம் உடலின் வியர்வையை ஆவியாக்குகிறது, நமக்குக் குளிர்கிறது. கோழிக்கு வியர்க்காது என்றாலும், நிழலும் காற்றோட்டமும் அதன் உடல் வெப்பத்தை வாங்கிக்கொண்டு போகின்றன. நாமக்கல் பண்ணையின் கம்பி வலையும் திருவனந்தபுரத்துச் செங்கல் ஜாலியும் இந்த வகையில் உறவினர்களே.

தாளின் பின்புறம் ஒரு வீடு

பேக்கர் பெரிய அலுவலகம் வைத்துக்கொள்ளவில்லை. வேலை நடக்கும் இடத்துக்குத் தாமே சென்று, கொத்தனார்களின் பக்கத்தில் நின்றார். பயன்படுத்திய உறைகள், பழைய கடிதத் தாள்களின் பின்புறம் ஆகியவற்றில் வீடுகளை வரைந்தார். கட்டிக்கொண்டிருக்கும்போதே மாற்றினார். அவருடைய முதல் மாணவர்கள் இந்தக் கொத்தனார்கள்தாம். பின்னர் இளம் பொறியாளர்களும் கட்டடக் கலை மாணவர்களும் அவரைத் தேடி வந்தனர். அவர்களும் சாந்துச் சட்டி தூக்கித்தான் கற்றார்கள்.

கட்டுச் செலவைக் குறைப்பது எப்படி, மண்ணால் கட்டுவது எப்படி என்பவை பற்றிச் சிறுசிறு நூல்கள் எழுதினார். எழுத்தும் அவரே, படமும் அவரே. வேடிக்கையான கோட்டோவியங்கள் நிறைந்த அந்நூல்களை எட்டாம் வகுப்பு மாணவனும் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். 1985இல் கேரளத்தின் முன்னாள் முதலமைச்சர் அச்சுத மேனன், கே. என். ராஜ், சந்திரதத் ஆகியோருடன் சேர்ந்து காஸ்ட்ஃபோர்ட் என்னும் அமைப்பைத் தொடங்கினார். அவர் முறையில் பயின்றவர்கள் இன்றும் அதன் வழியாகக் கட்டிவருகிறார்கள். எண்பதுகளின் இறுதியில் பேக்கர் இந்தியக் குடியுரிமை பெற்றார். 1990இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. 2007 ஏப்ரல் 1ஆம் நாள், தொண்ணூறு வயது நிரம்பியிருந்த நிலையில், திருவனந்தபுரத்தில் காலமானார். நாலாஞ்சிறையில் ஒரு பாறைச் சரிவில், உடைந்ததையும் எஞ்சியதையும் சேர்த்துத் தமக்கென்று அவர் கட்டிக்கொண்ட வீட்டின் பெயர் 'ஹாம்லெட்'. சிற்றூர் என்று பொருள்.

மேஸ்திரி கேட்ட கேள்வி

சேலத்துக்கு வெளியே நான் வீடு கட்டத் தொடங்கியபோது எலிப்பொறிக் கட்டை மேஸ்திரியிடம் விளக்கினேன். கரும்பலகை இல்லாத குறையாகத் தரையில் படம் வரைந்து, வெப்பங்கடத்துத்திறன் வரை சொல்லி முடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏனுங்க சார், செவுத்துக்குள்ள பொந்து விட்டா எலி வந்து குடியிருக்காதுங்களா?" என்றார்.

எலிப்பொறி என்ற பெயரால் வந்த வினை என்று நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அவர் வேறொன்றையும் கேட்டார். நம் பக்கத்து நாட்டுச் சூளைக் கல் ஒன்றுபோல் ஒன்று இராது; வெளிமுகத்தை நூல் பிடித்துக் கட்டினால் உள்முகம் மேடுபள்ளமாகுமே, அதற்கு என்ன செய்வது என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவரே யோசித்து, ஒரே அளவான சேம்பர் கல் வாங்கச் சொன்னார். தரைக்கு மேல் முதல் வரியையும், ஜன்னல் ஓரங்களையும், மூலைகளையும் கெட்டியாகக் கட்டிவிட்டால் எலிக்கும் வழியில்லை, பாரத்துக்கும் பயமில்லை என்று சொல்லிச் சாந்தில்லாமல் நான்கு வரி அடுக்கிப் பார்த்தார். கற்களை எண்ணினார். பிறகுதான் கரண்டியை எடுத்தார்.

அப்படியும் ஓர் அறையை மட்டுமே அம்முறையில் கட்ட முடிந்தது. கெட்டியாகக் கட்டிய இடங்களும் உடைந்த கற்களும் சேர்ந்து, நான்கில் ஒன்று என்ற என் கணக்கு அவ்வளவுக்கு எட்டவில்லை. ஏட்டுக் கணக்குக்கும் சுவருக்கும் இடையே இந்த வேறுபாடு எப்போதும் உண்டு.

ஜாலிச் சுவரை நான் வைக்கவில்லை. அதற்குக் காரணம் நம் ஊர் வெயில். கேரளக் கடற்கரையில் காற்றில் ஈரம் மிகுதி. பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வேறுபாடு குறைவு. அங்கே எந்நேரமும் காற்றோட்டம் வேண்டும். சேலம், நாமக்கல் சமவெளியில் கோடைப் பகல் வறட்சியானது. நண்பகலில் வெளிக்காற்று உள்ளே வந்தால் வீடு சூடாகும். பகலில் சாத்தி, இரவில் திறந்துவிடுவதே இங்கு ஏற்றது. அதற்கு ஜன்னல் கதவு வேண்டும். பருமனான சுவர் வேண்டும். 9 அங்குலச் செங்கல் சுவரின் வெளிமுகச் சூடு உள்முகத்துக்கு வந்துசேர ஆறேழு மணி நேரம் ஆகும். 4 அங்குலக் கான்கிரீட் தளத்தைக் கடக்கச் சுமார் மூன்று மணி நேரம்தான். கோழிக் கொட்டகையை அப்படியே நாம் வீடாக்கிக்கொள்ள முடியாததும் இதனால்தான். பேக்கர் பித்தோராகட்டில் கட்டியதுபோல் திருவனந்தபுரத்தில் கட்டவில்லை. சேலத்தில் கட்டியிருந்தால் இன்னொரு விதமாகத்தான் கட்டியிருப்பார்.

உங்கள் வீட்டில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு சாதாரண வெப்பமானி போதும். மேற்குச் சுவரின் உள்முகத்தில், தரையிலிருந்து நான்கடி உயரத்தில், அதன் குமிழ் சுவரைத் தொடுமாறு தொங்கவிட்டு, குமிழின்மேல் சிறு பஞ்சை வைத்து ஒட்டிவிடுங்கள். காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை மணிக்கொருமுறை அளவைக் குறித்து வாருங்கள். மறுநாள் வடக்குச் சுவரில் அதையே செய்யுங்கள். வானம் இரண்டு நாளும் தெளிவாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே வரைபடத் தாளில் வரைந்து, எந்தச் சுவர் எத்தனை மணிக்கு உச்சத்தைத் தொடுகிறது என்று பாருங்கள். ஓட்டு வீட்டில் இருக்கும் நண்பனும் கான்கிரீட் வீட்டில் இருக்கும் நண்பனும் சேர்ந்து செய்தால் வரைபடம் இன்னும் சுவையாக இருக்கும்.